அக்கா அர்த்தம் சொல்லாத வார்த்தை

அக்கா போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில் வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த வார்த்தைகளில் கால்வாசிகூடத் தம்பி எனக்குக் கிடையாது. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது சிவாஜிநகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில். அப்பாவுக்கு பீன்யாவில் தொழிற்சாலை வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஆபீசுக்குள் அப்பாவைக் கூப்பிட்டு நிற்க வைத்து, இரண்டு அதிகாரிகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். "நல்லாத்தான் பேசினாங்க, என்னைப் பாத்து சிரிச்சாங்க" என்று வீட்டில் வந்து சொன்னார். மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவரை வேலையை விட்டு நீக்குவதைத்தான் அவர் எதிரிலேயே பேசியிருக்கிறார்கள்.

பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த அக்கா அழவில்லை. "இனிமே நம்ம வீட்டாளுங்க யாரும் இப்படிப் புரியாம நிக்கக் கூடாது" என்றார். படிப்பை விட்டுத் துணிக்கடை வேலைக்குப் போனார்.

கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே ஓரளவு இங்கிலீஷ் வந்துவிட்டது. அக்காவுக்கு அது போதவில்லை. "நமக்குத் தெரியக் கூடாதுன்னு பேசறவங்க சின்ன வார்த்தையா பேசுவாங்க?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரேசர் டவுன் சர்ச்சில் இங்கிலீஷ் பிரசங்கம் கேட்கப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார். அம்மாவுக்குப் பதறியது.

"மதம் மாறிட்டியாடி?"

"இல்லம்மா. வார்த்தை பொறுக்கிட்டு வரேன்."

பொறுக்கியதை வைத்து எங்களைத்தான் திட்டுவார். திட்டிப் பார்த்தால்தான் மனதில் நிற்குமாம். காலையில் எழுந்திருக்கவில்லையென்றால் நான் ‘லெதார்ஜிக்’. மருந்து சாப்பிட மறுத்தால் அம்மா ‘ஆப்ஸ்டினேட்’. "இவ திட்டினாக்கூட பட்டம் குடுக்கற மாதிரி இருக்கு" என்று அம்மா சிரிப்பார்.

பிறகு ஒரு கம்பெனியில் வரவேற்பு வேலை கிடைத்தது. அப்பா காலமானார். அக்காவின் கல்யாணப் பேச்சு தள்ளிப் போய் நின்றே போனது. பாங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் எங்களுக்கு வாய் அக்காதான். யாராவது இங்கிலீஷில் ஆரம்பித்தால் போதும், நாங்கள் பேசுகிறவரை விட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்ப்போம். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

தீராத வயிற்றுவலி என்று அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று இளம் டாக்டர்களிடம் பேசினார், பிறகு அக்காவிடம் பேசினார். எல்லாம் இங்கிலீஷில். அக்கா தலையாட்டினார்.

"இன்னாடி சொல்றாரு?" என்றார் அம்மா.

"வீட்டுக்குப் போலாமாம். வலிக்கு மாத்திரை தராராம்."

அம்மா டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பிரியாணி வாங்க ஓடினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் விசேஷம் போலிருந்தது.

சில வாரத்தில் வலி தாங்காமல் மறுபடி கொண்டுபோனோம். நல்லா இருக்குன்னுதானே அனுப்பினீங்க என்று டாக்டரிடம் சத்தம் போட்டேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்? ‘பாலியேட்டிவ்’தான்னு உங்க எதிர்லதானே சொன்னேன். குணமாகாது, வலியைக் குறைக்கத்தான் முடியும். வீட்ல நானே சொல்லிக்கிறேன்னாங்க உங்க அக்கா."

அக்காவிடம் போய்க் கேட்டேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுடா" என்றார்.

அதே வாரம் போய்விட்டார்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், முறை வைத்து அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்துக்கும், பாடையைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கோபம்தான் வருகிறது. சொல்லியிருந்தால் கட்டிப் பிடித்துச் சேர்ந்து அழவாவது செய்திருப்போம். நாங்கள் அத்தனை பேரும் பக்கத்திலேயே இருந்தோம், அக்கா தனியாகப் பயந்திருக்கிறார்.