காலி வளையம்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது நடந்தது. என் கட்டைவிரலில் பாதி நகம் இல்லை. அக்கா மகனுக்கு முன்பல் மூன்று இல்லை. கதை விட்டால் பல் விழாது.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வசதிகூடக் கிடைக்கவில்லை. காலை ஒன்பது மணி. பொழுது நன்றாக விடிந்திருந்தது.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா புருஷன். கல் குவாரியில் கயிற்று வேலை. உச்சியில் இரும்பு முளை அடித்து, அதில் கட்டிய கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, செங்குத்தான பாறையில் தொங்குவார். கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் கல் கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே விரிசல், நெம்பித் தள்ளிவிடுவார். கீழே வேலை செய்கிறவன் தலை தப்புவது அவர் காதை நம்பித்தான்.

ஆறு நாள் அப்படித் தொங்குகிற மனுஷன் ஏழாம் நாள் என்ன செய்வான்? குடிப்பான். கவிழ்ந்து படுப்பான். மாமா விடியும் முன்னே பிள்ளைகளை உலுக்கி எழுப்பி மலைக்குக் கூட்டிப் போவார். ஏரி, காடு, அருவி எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாக ஒரு நாளும் போனதில்லை. "வானத்தைத் தனியாப் பாத்தா பாதிதான் தெரியும்" என்பார்.

சறுக்கலான இடம் வந்தால் எல்லாரையும் ஒரே கயிற்றில் கோத்துவிடுவார். ஐந்து வளையம். இடுப்புக்கு ஒன்று. முதலில் அவர், அடுத்து அக்கா, அப்புறம் பெரியவன், சின்னவள். கடைசியில் நான். பிள்ளைகளுக்கு நான் வால் மாமா.

"மாப்பிள்ளை, வால் அறுந்தா பல்லி பிழைச்சுக்கும். நாம பிழைக்க மாட்டோம். ஒழுங்கா வா."

"வாலுக்கும் சோத்துல பங்கு உண்டா மாமா?"

"ஆடுற ஆட்டத்தைப் பொறுத்து."

அந்த மனுஷன் குவாரியில் விழுந்து செத்தார். கயிறு அறுந்துவிட்டது என்று மேஸ்திரி வந்து சொன்னார். முகத்தை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அக்கா துணியை விலக்கினாள். விலக்கியிருக்கக் கூடாது. அங்கே முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் சின்னவள் கேட்டாள், "அப்பா கூட்டிப் போற மலைக்குப் போலாமா?" ஆறு வயசு. முடியாது என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே வாய் வரவில்லை.

போனோம். பாதி மலையில் ஒரு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறைச் சுவர். மறு பக்கம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குப் பனிமூட்டம் வேறு. பத்தடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளை.

அக்கா பையிலிருந்து எங்கள் பழைய கயிற்றை எடுத்தாள். எல்லாரையும் கோத்தாள். முதல் வளையம் காலியாகக் கிடந்தது.

"அதை அவுத்துடவா அக்கா?"

"இருக்கட்டும். அவர் இடம்."

எட்டு ஐம்பதுக்கு நடக்க ஆரம்பித்தோம். காலி வளையம் அக்காவின் காலடியில் தரையோடு இழுபட்டு வந்தது. சர்... சர்... என்று.

கொஞ்ச தூரம் போனதும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். கயிறு தரையில் இல்லை. அக்காவுக்கு முன்னால், இடுப்பு உயரத்தில், பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. யாரோ நடந்தால் ஆடுவதுபோல லேசாக ஆடியது.

"அக்கா... வளையத்தைக் கையில பிடிச்சிருக்கியா?"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டங்... டங்...

முன்னாலிருந்து வந்தது. இரும்பு, கல்லில்.

பெரியவன் கழுத்தைத் திருப்பினான். "வால் மாமா, இங்க யாரு கல்லு உடைக்கிறா?"

"அக்கா, திரும்பிடலாம்."

அவள் நிற்கவில்லை. சின்னவள் சிரித்தாள்.

"அப்பா மெதுவாத்தான் போறாங்க."

டங்... டங்...

பொத்.

கயிறு பள்ளத்துப் பக்கம் சுண்டி இழுத்தது. அக்கா மல்லாந்தாள். பெரியவன் முகம் பாறையில் அடித்தது. பல் உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. சின்னவள் என் முழங்காலில் வந்து மோதினாள். நான்கு பேரையும் சாக்குமூட்டை மாதிரி அது விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது. கல்லும் முள்ளும் முதுகுத் தோலை உரித்தன.

விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அக்காவின் இடுப்பு அதில் மாட்டியது. ஒருவர்மேல் ஒருவராகக் குவிந்தோம்.

கல் ஆடியது.

நான் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். எடை எனக்குத் தெரியும். அந்தக் கயிற்றில் தொங்கியது ஒரு ஆள். ஆடிக்கொண்டிருந்த ஆள்.

அக்காவின் தலை விளிம்புக்கு வெளியே இருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இருக்கு அக்கா?"

"அவர்தான்டா."

பெரியவனின் கால் ஒன்று வெளியே போய்விட்டது. சின்னவள் என் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு தொங்கினாள். சாக்குச் சணல் அறுக்கும் கத்தி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். உருவினேன். பிள்ளைகள்மேல் ஊர்ந்து கயிற்றைப் பிடித்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுக்காதேடா! தொங்குறார்டா!"

"பிள்ளைங்க போகுது அக்கா!"

"அவர் நம்மள ஒரு நாளாவது விட்டாரா..."

மணிக்கட்டைக் கடித்தாள். எலும்புவரை. எனக்குச் சோறு ஊட்டிய அக்கா. நான் அவள் வாயில் குத்தினேன். விடவில்லை. இன்னொரு குத்து. விட்டாள்.

மேலிருந்து அறுத்தேன். பாதியில் கத்தி வழுக்கி என் கட்டைவிரலைச் சீவியது. ரத்தம் கயிறெல்லாம் ஓடியது. கத்தியைத் திருப்பிக் கீழிருந்து அறுத்தேன்.

நடுவில் ஒரே ஒரு புரி மிச்சம்.

அது தானே பிய்ந்தது.

கீழே... டங்... டங்... டங்...

அப்புறம் ஒன்றுமில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஒன்பது பத்து.

கீழே எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. கிழிந்த உதட்டோடு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "என் புருஷனைக் கொன்னுட்டே."

"செத்துப்போன ஆளை எப்படி அக்கா கொல்றது?"

கதவைச் சாத்திவிட்டாள். பெரியவன் சன்னல் வழியே என்னைப் பார்த்தான். அவனும் கூப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து, மாமாவின் சட்டை துணிமணியை வாங்கிவரக் குவாரிக்குப் போனேன். மேஸ்திரி கொட்டகைக்குள் கூட்டிப்போய்த் தாழ் போட்டார். அவர் கண் வீங்கி மூடியிருந்தது. காதோரம் தையல்.

"என்ன மேஸ்திரி இது?"

"போலீஸ் விசாரணை" என்றார். "உங்க வீட்டுல கயிறு அறுந்துச்சுன்னு சொன்னேன் தம்பி. அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாத்து வேற என்ன சொல்றது? அது தானா அறுந்தது இல்லை. யாரோ அறுத்திருக்காங்க. மேல நின்னது நான் ஒருத்தன். 'நீதான் அறுத்தே'ன்னு போட்டு மிதிச்சாங்க."

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு முழக் கயிற்றை எடுத்து என் மடியில் போட்டார். "முளையில மிச்சம் இருந்த துண்டு. அவங்க பாதியைக் கொண்டுபோனாங்க."

பார்த்தேன்.

மேலிருந்து பாதி அறுப்பு. கீழிருந்து மீதி. நடுவில் ஒரு புரி மட்டும் பிய்ந்து பஞ்சாக நின்றது. அறுபட்ட இடமெல்லாம் கறுத்துக் காய்ந்த ரத்தம்.

"அவர் ரத்தம் கீழே கிடக்கு. மேல இருந்த துண்டுல இது யார் ரத்தம், சொல்லு?"

கட்டுப் போட்ட விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு மேஸ்திரி?"

"ஒன்பது பத்து."

"விழறதுக்கு முன்னாடி... ஏதாச்சும் சொன்னாரா?"

மேஸ்திரி தாழ் போட்ட கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லலை தம்பி. சொன்னா பைத்தியம்பாங்க. அண்ணாந்து பாத்துக் கத்தினார். என்னைப் பாக்கலை. எனக்கும் மேல. அங்க ஒரு ஈ, காக்கா கிடையாது. 'அறு மாப்பிள்ளை! அவ சொல்றதைக் கேக்காதே! பிள்ளைங்க விழுந்துடும்... அறு!'ன்னு."

அவர் கூப்பிட்டது அன்றைக்கு.

நான் அறுத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து.