அக்கா விட்டுவிட்ட 'ஹூ'

அக்காவின் கல்யாணமே என்னால்தான் நடந்தது என்று, போன சீசன் வரைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்று பாக்கியில்லாமல் பீற்றிக்கொண்டு திரிந்த மடையன் நான்.

அப்போது வில்பட்டியில் எங்களுக்குக் கேரட் தோட்டம். பிளஸ் டூ முடித்திருந்த அக்காவுக்குத் திண்டுக்கல் காலேஜில் இங்கிலீஷ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதற்குள் கன்னிவாடியிலிருந்து ஒரு வரன். அவர்களுக்கு வட்டக்கானலில் லாட்ஜ். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் இடம் என்பதால் இங்கிலீஷ் பேசும் மருமகள் வேண்டுமாம். அவர்கள் வேண்டாமென்று போனால்தான் காலேஜ் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள், கேரட் கழுவிக்கொண்டே அக்கா எனக்குப் பாடம் நடத்தினாள்.

"'தி கேரட்ஸ் விச் வி க்ரோ', இதுல 'விச்'ச விட்டாலும் ஒண்ணும் ஆகாது. வெளைய வைக்க 'வி'ன்னு தனியா ஆளு இருக்குல்ல. ஆனா, 'தி மேன் ஹூ பாட் அவர் கேரட்ஸ்', இதுல 'ஹூ'வ எடுத்தேன்னு வையி, வாங்குன ஆளே காணாமப் போயிருவான்லே."

என் மண்டையில் எதுவும் ஒரே தடவையில் ஏறியதாகச் சரித்திரம் இல்லை. அன்றைக்கென்று ஏறித் தொலைத்தது.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா, "பயப்படாம ஏதாச்சும் இங்கிலீஷ்ல பேசும்மா" என்றார்.

அக்கா தலையைக் குனிந்தபடி, "தி மேன் பாட் அவர் கேரட்ஸ் இஸ் குட்" என்றாள்.

கூட வந்திருந்த அவர்கள் வீட்டு மூத்த மருமகன் சிரித்துவிட்டார். "கேரட்டு நல்லதா, வாங்குன ஆளு நல்லவரா? ஒண்ணும் வெளங்கலயே மாமா."

மாப்பிள்ளையின் அப்பா, தாம் கொண்டுவந்த பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்பது போலப் பார்த்தார். அக்காவின் மானம் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே பாய்ந்தேன்.

"அதுல 'ஹூ'வ விடக்கூடாதுங்க! அக்காதான் நேத்து எனக்கே சொல்லிக்குடுத்துச்சு. அக்காவுக்கு எல்லாம் தெரியும், கூச்சத்துல முழுங்கிருச்சுங்க!"

"இந்தப் பொடியனுக்கே இம்புட்டுச் சொல்லிக்குடுத்திருக்கா! இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று தட்டை அப்பாவிடம் நீட்டினார் அவர். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நன்றிதான் என்று நினைத்து, இன்னொரு கரண்டி கேசரி வாங்கித் தின்றேன்.

போன சீசனில் லாட்ஜுக்குப் போயிருந்தபோது, அவளிடமே அந்தப் பெருமையை எடுத்துவிட்டேன். யாரோ காலி செய்த அறையின் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அக்கா திரும்பினாள்.

"காலேஜுக்குப் போகணும்னுதான்லே தப்பாச் சொன்னேன், கூறுகெட்டவனே."