கழுவாத கூழ்ப்பானை

"இது புற்றுநோய் இல்ல" என்றுதான் மதுரை டாக்டர் பேச்சை ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரின் ரத்தத்தில் இருக்கக்கூடாத ஒரு புரதம் இருக்கிறதாம். பலருக்கு அது அப்படியே கிடக்கும்; சிலருக்குப் பின்னால் ரத்தப் புற்றுநோயாக மாறும். மாத்திரை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானாம்! சும்மா இரு என்பதற்குப் பதிலாக ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்திருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

நான்தான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். "பயறு, கீரை, கம்பு, கேப்பை நிறையக் கொடுங்க. குடல்ல நல்ல கிருமிங்க வளரும், உடம்புக்கு நல்லது. ஆனா இந்த நோயைத் தடுத்துரும்னு உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். திரும்பும்போது பாளையம்பட்டியில் வண்டியை ஓரங்கட்டி எண்ணெய்ப் பரோட்டா தின்றால்தான் அவருக்குப் பொழுது முடியும். முதலில் அதை நிறுத்தினேன். கறியும் முட்டையும் போயின. காலையும் மாலையும் கம்பங்கூழ். "ஏ புள்ள, என்னைய உழவு மாடுன்னு நெனச்சியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூழ் புளிக்க, பானையில் முந்தின நாள் கூழைக் கொஞ்சம் விட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு நாளைக்கு ஒருமுறை பானையைக் கழுவி வெயிலில் கவிழ்ப்போம். நான் கழுவவே இல்லை. நல்ல கிருமியெல்லாம் அதில்தானே இருக்கிறது, கழுவினால் போய்விடுமே என்று பயம். சித்திரை வெயில் வேறு. மூடியைத் திறந்தால் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மனுஷன் மறுபேச்சில்லாமல் குடித்தார். வயிற்றால் போனபோதுகூட, "குடல் சுத்தமாகுதுங்க, குடிங்க" என்றேன். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க!

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது எடை ஆறு கிலோ குறைந்திருந்தது. டாக்டரின் முகம் மாறிவிட்டது. "நோய் முத்துனாலும் எடை குறையும். வீட்ல என்ன சாப்பிடுறார்?" என்றார். ஒளிக்காமல் சொன்னேன். "கூழால குறைஞ்சதா, நோயால குறைஞ்சதான்னு ரத்தம் பார்த்தாத்தான் தெரியும்."

முடிவு வர ஐந்து நாளாகும் என்றார்கள். தினமும் பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் வேலை பார்க்கிறவள் நான். ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்தேன். கண்டக்டர் தட்டிச் சொன்ன பிறகுதான் எழுந்தேன். நோய் கொல்கிறதோ இல்லையோ, நானே கொன்றுவிடுவேன் போலிருந்தது.

ஆறாம் நாள் டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "போன தடவை இருந்த அளவுதான். கூடல" என்றார். நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "அவங்கதான் பயத்துல கொடுத்தாங்க. கெட்டுப்போனதுன்னு உங்களுக்குமா தெரியல?" என்று கேட்டார்.

"தெரியும் சார். மொத ரிப்போர்ட்டு வந்த நாள்ல இருந்து இவளுக்குக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. கூழை ஊத்தித் தாரப்ப மட்டுந்தான் நடுங்கல. வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்?"

அன்றைக்கே பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் காலையில் சுடச்சுட இட்லியும் பாசிப்பயறும் வைத்தேன். தட்டு கையில் ஆடியது. அவர் என் கையோடு சேர்த்துத் தட்டைப் பிடித்துக்கொண்டார்.