தோகை முளைக்காத மயில்

“மயிலுக்குத் தோகை எப்பம்மா முளைக்கும்?” என் நான்கு வயது மகள் தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். வடக்குப்பட்டில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால், ஏதோ கம்பெனிக்காக வேலி போட்டுப் புல் மண்டிக் கிடக்கும் நிலத்தில் மேய்கிற அந்தப் பறவை மயிலே இல்லை. கவுதாரி. அநேகமாகக் கவுதாரி.

விளாத்திகுளம் பக்கம் பிறந்தவளுக்குக் கவுதாரியில் என்ன ‘அநேகமாக’ என்று ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் அது நின்று நாம் பார்த்திருக்கிறோமா? அப்பாவின் பைக்குக்குக் குறுக்கே ஓடும். அவர் “கவுதாரி” என்று சொல்லி முடிப்பதற்குள் பருத்திக்காட்டுக்குள் மறைந்துவிடும். நான் கண்டதெல்லாம் அதன் பின்பக்கம்தான். இங்கேயோ அது சாவகாசமாக நிற்கிறது. ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் கேட்டேன். காடையைவிடப் பெரிசு, தொண்டையைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்கும் என்றார். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. “எதுக்கும் ஓடவிட்டுப் பாரு” என்றுவிட்டுத் தூங்கிப்போனார். மறுநாள் கைதட்டினேன். ஓடியது. பின்பக்கத்தைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது.

சந்தோஷத்தில் வீட்டுக்கார அக்காவிடம் சொன்னதுதான் வினை.

“கவுதாரியா கண்ணு? கொழந்தைக்கு சளி வுட மாட்டேங்குதுன்னியே. எங்க வூட்டுக்காரு வலை கட்டிப் புடிச்சிகினு வந்துருவாரு. மொளகு தட்டிப் போட்டு ரசம் வெச்சிக் குடு.”

அக்காவின் கணவர் அப்போதே வலையை எடுக்கப் பரண்மேல் ஏறிவிட்டார். அக்காவின் அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் என் மகளின் உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது.

“இல்லக்கா, இப்பத்தான் நல்லாப் பாத்தேன். அது மயில் குஞ்சு.”

“மயிலா? கேஸாயிடும். யோவ், எறங்குய்யா. முருகன் வாகனம்யா அது.”

அன்றிலிருந்து அக்கா வேலியோரம் கம்பு இறைக்கிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு. சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலிருந்து வந்த தன் தங்கையிடம், “தெக்கத்திப் பொண்ணு, பாத்தவொடனே கண்டுபுடிச்சிட்டா” என்று என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

பெண் மயில், தோகை வராது என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் எப்போது பெரிசாகும் என்கிறாள். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் அக்கா காதுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பைக்குக்குக் குறுக்கே ஓடுவதைக் காட்டி “மயில்” என்பாள். என் சொந்தங்கள் என்னைத்தான் பார்ப்பார்கள்.

கம்பு தின்று கொழுத்த அது இப்போது ஓடுவதும் இல்லை. கைதட்டினால் வேலிக்கு அந்தப்புறம் தலையும் இந்தப்புறம் வாலுமாக நின்று திரும்பிப் பார்க்கிறது. ஓடாத கவுதாரி உண்டா என்று எனக்கே மறுபடி சந்தேகமாக இருக்கிறது. வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்: ஒரு மயில் எத்தனை காலம் குஞ்சாகவே இருக்கலாம்?