தராசு இல்லாத மீன்காரி

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும்: பாடம் நடத்துவது எளிது, மறுநாளும் அவர்களை வரவைப்பதுதான் கஷ்டம். அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் நான் மத்தியான வகுப்பு எடுத்தேன். ஒரு நாள் வந்திருந்தவர்கள்: மீன் விற்கும் கன்னியம்மா, அவருடைய ஓரகத்தி அஞ்சலை, சிட்லபாக்கத்தில் வீட்டுவேலை செய்யும் முனியம்மா, ஒரு குமாஸ்தாவின் தாயார் ஸ்டெல்லாம்மா. எட்டாவது வரை படித்த என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

தராசு

கன்னியம்மாவுக்கு பஸ் போர்டு படிக்க வேண்டும். கோவளம் பஸ் என்று நினைத்து ஒருமுறை குன்றத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகுதான் வகுப்பில் சேர்ந்தார். பாடப் புத்தகத்திலிருந்து நான் ஒரு வரி வாசிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். அன்றைய வரி, "மீன்காரி எடையில் ஏமாற்றுவாள்." மூன்று குரல்கள்தான் கேட்டன. கன்னியம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். அதைப் பார்த்து அஞ்சலையும் எழுந்தார். வாசலில் நின்று கன்னியம்மா கேட்டார்: "எங்ககிட்ட தராசு ஏது டீச்சரம்மா? கூறு கட்டித்தானே விக்கிறோம். இத்த எழுதினவரு என்னிக்காவது மீனு வாங்கிக்கீறாரா?"

மாமியார்

மறுநாள் இருவர்தான். அடுத்த பாடத்தில், "மாமியார் மருமகளை வதைப்பாள்" என்று இருந்தது. முனியம்மா உற்சாகமாக இரண்டு தடவை வாசித்தார். மாமியாரான ஸ்டெல்லாம்மா ஜன்னலைப் பார்த்தார். நான் புத்தகத்தை மூடினேன். "இதை யார் சொல்றாங்க?" என்று முனியம்மாவிடம் மெல்லக் கேட்டேன்.

"எவளோ ஒரு மருமவதான்."

"உங்க மாமியாரை எழுதச் சொன்னா?"

முனியம்மா யோசித்தார். "அய்யோ, என் பேரு நாறிப்பூடும் டீச்சர்!"

ஒரு கூறு

கடைத்தெருவில் நின்று பேசக் கூசுகிற நான் கன்னியம்மாவின் மீன் கடைக்குப் போனேன். "பஸ் போர்டு படிக்க வேணாமா?" என்றேன். கன்னியம்மா நிமிராமல் ஒரு கூறை அள்ளி என் பையில் போட்டார். "கண்டக்டரைக் கேட்டுக்கறேன். அவரு என்னைத் திருடின்னு சொல்றதில்ல."

மாற்றி எழுதியது

"அந்தப் பாடத்தை நீங்களே மாத்திச் சொல்லுங்க, போர்டுல எழுதறேன்" என்று சொன்ன பிறகுதான் கன்னியம்மாவும் அஞ்சலையும் வந்தார்கள். கன்னியம்மா சொன்னார், "மீன்காரி ஏமாத்த மாட்டா." எழுதினேன். எல்லோரும் திருப்பிச் சொன்னபோது அஞ்சலை மட்டும் வாய் திறக்கவில்லை.

"இன்னாடி?" என்றார் கன்னியம்மா.

"யக்கா, நேத்து பழைய மீனைக் கூறுக்கு அடியில வச்சியே!"

நான் கூடையைத்தான் பார்த்தேன். கன்னியம்மா அதைத் தொடவில்லை, சிரித்துவிட்டார். "அழிச்சிட்டு எழுது டீச்சரம்மா. மீன்காரி சில நாளு நல்லவ. சில நாளு மீனு மிஞ்சிப்பூடுது."

அந்த வரியை நால்வரும் தடுமாறாமல் வாசித்து முடித்தார்கள். புத்தகத்தில் அதே ஆசிரியர் எழுதிய பாடங்கள் இன்னும் பதினேழு மீதி இருந்தன.