கண் வரைக்கும் இறங்கிய படம்

மோடம் கத்துகிற சத்தத்தை இன்றைக்கும் என் வாயாலேயே செய்து காட்ட முடியும். முதலில் டொயிங் டொயிங்... பிறகு சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு கரகரப்பு. அந்தக் கரகரப்பு அடங்கினால் நெட் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் கடையில் அது லேசில் அடங்காது.

இந்தச் சத்தத்தை நினைத்து ஆளாளுக்கு உருகி எழுதுகிறீர்கள். எனக்கு உருகவில்லை, வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பெருமாள்மலை ஜங்ஷனில் ஒரு பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு போன் லைன். சல்லிசாகக் கிடைக்கிறது என்று முதலாளி ஒரு கம்பெனியின் டயல்-அப் பேக்கை வாங்கிப் போட்டிருந்தார். கம்பெனி பெயர் வேண்டாம். அதைச் சொன்னால் வாய் கழுவ வேண்டும்.

வெளியே மேகம் இறங்கினால் போதும், உள்ளே லைன் போய்விடும். கொடைக்கானல் மலையில் மேகம் இறங்காத நாள் எது...

பெரும்பாறையிலிருந்து மாரிமுத்து அண்ணன் வருவார். காபித் தோட்டத்தில் தினக்கூலி. சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். கல்யாணமாகியிருந்த அக்கா அங்கேயே தோட்டத்து லயக் குடியிருப்பில் தங்கிவிட்டார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. யுத்தம் வந்ததும் அதுவும் நின்றுபோனது.

யுத்தம் ஓய்ந்திருந்த அந்தக் கொஞ்ச நாளில், போய்வந்த யாரோ அக்கா மகனைப் பற்றித் தகவல் கொண்டுவந்தார்கள். கொழும்பில் ஆபீஸ் வேலையாம், ஈமெயில் இருக்கிறதாம். பேக்கோடு அந்தக் கம்பெனி இலவசமாகக் கொடுத்திருந்த மெயில் ஐடியிலிருந்து அண்ணனுக்காக நான்தான் எழுதினேன்.

பதில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'மாமா, லீவுக்கு வீட்டுக்குப் போனேன். ஆபீஸ் கேமராவில் அம்மாவைப் படம் எடுத்தேன். இதோடு அனுப்பியிருக்கிறேன்.'

சொல்லி அனுப்பினேன். அண்ணன் சோலியை விட்டுவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. கொஞ்சம் வானம். தகரக் கூரை. நரைத்த முடி. நெற்றி.

"அக்காதான் தம்பி. அந்தத் தழும்பப் பாருங்க, அடுப்படியில விழுந்தப்ப பட்டது."

கண் வரைக்கும் வந்தது. டக். லைன் கட்.

மறுபடி டயல், மறுபடி வானம், தகரம், முடி, நெற்றி, கண்... கட். எத்தனை முறை போட்டாலும் கண்ணுக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தார்.

"கெடக்கு விடுங்க தம்பி. அடுத்த வாரம் வெள்ளனே வாறேன். காலையிலன்னா வெரசா வந்துரும்ல?"

அவர் போனதும் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒரு பெண் வந்தார்.

"லைன்லயே இருங்க சார். இப்ப கனெக்ட் பண்ணிப் பாருங்க."

"நான் ஒங்ககிட்ட பேசுறதே அந்த லைன்லதாங்க. இதை வச்சாத்தான் டயல் பண்ண முடியும்."

"சரி சார். வைக்காம ட்ரை பண்ணுங்க."

எப்படியோ கம்ப்ளெயின்ட் எழுதிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால், அதை முடித்துவிட்டார்களாம். "உங்களுக்கு கால் பண்ணோம் சார், பிஸியாவே இருந்துச்சு. நெட் யூஸ் பண்றீங்கன்னு தெரிஞ்சது, அதான் க்ளோஸ் பண்ணிட்டோம்." நெட் கிடைக்காமல் நான் திரும்பத் திரும்ப டயல் பண்ணிக்கொண்டிருந்ததால் பிஸி. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு சொல்வது?

கத்தினேன். மேலதிகாரியைக் கேட்டேன். நாலைந்து நாள் இதே கூத்து. கடைசியில் ஒரு நாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள்.

"பிரச்சனை சால்வ் ஆயிடுச்சு சார். உங்க மெயில்பாக்ஸ்ல பெரிய மெயில் ஒண்ணு இருந்துச்சு, அதான் லைன் டிராப் ஆகுது. நாங்களே டெலீட் பண்ணிட்டோம். இனிமே ஸ்பீடா இருக்கும்."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பக்கத்து டீக்கடையில் ஆட்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் குரல், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றது.

மருமகனுக்கு எழுதினோம். படத்தை அனுப்பியதும் கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் அழித்துவிட்டாராம், வீட்டில் வேறு படமும் கிடையாதாம். பொங்கலுக்குப் போகும்போது மறுபடி எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். அண்ணனும் சரி என்றார்.

பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு மெயில் வந்தது. அது மட்டும் ஒரு நொடியில் திறந்துகொண்டது. படம் இல்லாத மெயில், நாலே வரி. அக்கா போய்விட்டார்கள் என்று நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"கண்ணு வரைக்கும் பாத்துட்டேன்ல தம்பி, போதும்" என்றார் அண்ணன்.

போதாது. அது எப்படிப் போதும்? அந்தக் கம்பெனி எப்போதோ மூடிப் போய்விட்டது, ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது விடிந்தால் போதும், போனில் பூவும் விளக்குமாகக் குட்மார்னிங் படங்கள் கொட்டுகின்றன. பாதியைப் பார்க்காமலே அழிக்கிறேன். அழிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.

போன மாதம் பெரும்பாறை போயிருந்தேன். அண்ணனுக்கு வயதாகிவிட்டது. அவர் மகன் கொழும்புக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். மருமகன் முகம் முழுசாக, துளி தடங்கல் இல்லாமல் வந்தது. அண்ணன் நலம் விசாரித்தார், மழை பற்றிக் கேட்டார். பேச்சு முடியப்போகிற நேரத்தில் போனைக் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"ஏன் மருமவனே, கடைசிக் காலத்துல ஒங்கம்மாவுக்குப் பல்லெல்லாம் இருந்துச்சா?"

"முன்பல்லு ரெண்டும் இல்ல மாமா. அன்னைக்குப் படம் எடுக்கையில வெக்கப்பட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. மாமா பாக்கட்டும்னு நான்தான் கையை எடுக்கச் சொன்னேன்."