வெங்கடம்மாவும் ஒட்டகப் பாலும்

மாரிகுப்பம் தங்கச் சுரங்கத்துக் கூலிக்காரர் லைனில் எந்த எருமையாலும் வெங்கடம்மாவிடம் பாலை மறைக்க முடியாது. முதுகில் ஒரு தட்டு, காதில் இரண்டு வசவு, அவ்வளவுதான். பால் சர்ரென்று சொம்பில் இறங்கும். வட ஆற்காட்டிலிருந்து அவள் கொண்டுவந்த சீதனமே அந்தக் கை ஒன்றுதான். வாயையும் சேர்த்தால் இரண்டு.

அவள் புருஷன் முனிரத்தினம் தங்க மில்லில் வேலை செய்தான். செம்புத் தகட்டில் பாதரசம் தேய்ப்பான். இடித்த கல்மாவு தண்ணீரோடு அதன்மேல் ஓடும்போது தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை வெறுங்கையால் வழித்தெடுப்பான். குழிக்குள் இறங்காத வேலை, கூலியும் கூடுதல் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஈறு வீங்கியது, கை நடுங்கியது, கண் மஞ்சளித்தது, காலில் நீர் கோத்தது. ஈரலில் விஷம் இறங்கிவிட்டது, இனி சாமிதான் என்று வைத்தியர் கைகழுவினார். வெங்கடம்மா அழுதாள். அழுதுகொண்டே வைத்தியரையும் திட்டினாள்.

அந்தச் சமயம் பார்த்து, ராஜபுதனத்திலிருந்து துணி மூட்டையோடு ஒரு வியாபாரி ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். வந்த இடத்தில் ஒட்டகம் குட்டி போட்டுவிட்டது. குட்டி தூர வழி நடக்கிற வரைக்கும் அவர் எங்கே போவார்? லைனில் எல்லோருக்கும் அவர் சேட்டு. ஒட்டகமோ வேலி முள்ளையெல்லாம் முறுக்குப்போல் மென்றது. தங்கள் ஊரில் விஷம் ஏறிய ஈரலுக்கு ஒட்டகப் பால்தான் கொடுப்பார்கள் என்று சேட்டு வந்த வழியில் கற்ற அரைகுறைத் தெலுங்கில் சொன்னதும், வெங்கடம்மா சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாலுக்குப் பதில் தினமும் ஒரு கட்டு கருவேல முள் என்று பேச்சு முடிந்தது.

வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்தாள். மடி தலைக்குமேல் இருந்தது. எழுந்து முதுகில் தட்டப் போனாள், கை எட்டவில்லை. காதில் திட்டலாமென்றால் காது ஆகாசத்தில். ஒட்டகம் குனிந்து அவள் கொண்டையை மோந்து, பூவைத் தின்றது. லைனே கூடிச் சிரித்தது. சேட்டு குட்டியை ஒரு பக்கம் ஊட்டவிட்டு, ஒற்றைக்காலில் நின்று, மடக்கிய காலின் தொடைமேல் சொம்பை வைத்துக் கறந்து காட்டினார். வெங்கடம்மாவும் சேலையை வரிந்து கட்டி ஒற்றைக்காலில் நின்றாள், விழுந்தாள், மறுபடி நின்றாள். வாசலில் சுருண்டு கிடந்த முனிரத்தினத்துக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவன் சிரிப்பைக் கேட்டவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டுமென்றே இன்னொரு தரம் விழுந்தாள்.

பால் உப்புக் கரித்தது. உறை ஊற்றினால் தயிராகாமல் தண்ணியாகவே நின்றது. இதுவும் ஒரு பாலா என்று திட்டிக்கொண்டே அவனுக்குப் புகட்டினாள். மழைக்காலம் ஓய்வதற்குள் கால் வீக்கம் வற்றியது, கண் தெளிந்தது, தொண்டையில் களி இறங்கியது. வெங்கடம்மா பூரித்துப்போய் ஒட்டகத்துக்குப் பொட்டு வைத்தாள். அதற்கு ஏணி வேண்டியிருந்தது.

தேறினவன் என்ன செய்தான்? நேரே மில்லுக்குப் போய்ப் பழைய தகட்டிலேயே நின்றான். பகலில் ஏறுவதைச் சாயங்காலம் பால் இறக்கிவிடும், பயமென்ன என்றான். கூட வேலை செய்தவர்களும் ஆளுக்கொரு சொம்போடு ஒட்டகத்தின் பின்னால் நின்றார்கள். கொஞ்ச நாளிலேயே அவன் கை மறுபடி நடுங்கியது. வெங்கடம்மா கெஞ்சினாள், கத்தினாள், பட்டினி கிடந்தாள். அவன் அசையவில்லை. ஒரு பக்கம் விஷத்தையும் மறுபக்கம் பாலையும் ஊற்றிக்கொண்டே இருந்தால் எந்த ஈரல் தாங்கும்?

குட்டி அப்போது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தது. அவன் ஷிப்டுக்குப் போனதும் அவள் சேட்டைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஊரைவிட்டுப் போகச் சொன்னாள். வழிக்குக் களி கட்டிக்கொடுத்து, பங்காரப்பேட்டை ரோடு வரைக்கும் தானே ஒட்டகத்தை ஓட்டிப் போனாள். அங்கே அதன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்.

சாயங்காலம் விஷயம் தெரிந்து முனிரத்தினம் குதித்தான். "எம் மருந்த ஓட்டி வுட்டுட்டியே, நான் சாவணுமா?"

"இனிமே அந்தத் தகட்டுல கை வெச்சா உன்னக் காப்பாத்த ஒன்னியும் கெடையாது," என்றாள் அவள். "தெரிஞ்சிக்கினு போ. நீ பூட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

அவன் தன் நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, கூலி குறைந்த டிராலி தள்ளும் வேலைக்கு மாறினான்.

அதன்பிறகு அவன் வெகுகாலம் இருந்தான். அவளோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பாகவே இருந்தான். ஒட்டகப் பாலா உன் புருஷனைக் காப்பாற்றியது என்று யார் கேட்டாலும் வெங்கடம்மா சொல்வாள்: "பால் குடுத்தது பாதி. அத்த ஓட்டி வுட்டது மீதி."